எந்தச் சமுதாயத்தின் கல்லூரி? – கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சில கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் நம்மிடம் 'நீங்கள் எந்தச் சமுதாயம்?' என்று கேட்டால், அவர் நம் சாதியைத்தான் கேட்கிறார். 'சமுதாயப் பெரியவர்கள்', 'எங்கள் சமுதாய மண்டபம்' என்று சொல்லும்போதும் அச்சொல் அனைவரையும் குறிப்பதில்லை. ஒரு வேலியையே குறிக்கிறது. ஆகவே 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர்ப் பலகை ஊரகத்தில் எங்கே நடப்பட்டாலும், அதன் நோக்க அறிக்கையைப் படிக்கும் முன்பே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது எந்தச் சமுதாயத்தின் கல்லூரி?

ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவுகளுக்குப் பின் இக்கேள்வி உயிர் பெறுகிறது. மதிப்பெண் குறைந்தவர்கள், பாதியில் நின்றவர்கள், கட்டணம் கட்ட இயலாதவர்கள் ஆகியோரிடம் ஓராண்டுப் பட்டயப் படிப்பும் திறன் பயிற்சியும் நீட்டப்படுகின்றன. அவர்களுள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2021–22ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுடையோரின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4; பட்டியல் சாதியினரிடையே அது 25.9, பழங்குடியினரிடையே 21.2. தமிழ்நாட்டின் ஒட்டுமொத்த விகிதம் 47. மாநிலத்தின் பெருமைக்குரிய இந்த எண், கல்லூரி வாசலை இன்னும் காணாத பாதிப்பேரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சமுதாயக் கல்லூரி அந்த மறுபாதிக்காகவே பேசுவதாகச் சொல்லிக்கொள்கிறது. அதனால்தான் அதை நாம் கூர்ந்து நோக்க வேண்டியுள்ளது.

வாக்குறுதியின் வரலாறு

அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டின் ட்ரூமன் ஆணையம் வழியாகப் பரவலான இக்கருத்து, இந்தியாவில் முதலில் வேர்விட்டது நம் பகுதியில்தான். 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தின் சமுதாயக் கல்லூரி தோன்றியது. சேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் போன்றோர் இதை ஓர் இயக்கமாகவே வளர்த்தெடுத்தனர். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், களப்பயிற்சி, வேலைக்கான ஆயத்தம் ஆகியவை அதன் பாடத்திட்டத்தின் தூண்களாயின. வயது வரம்பும் மதிப்பெண் வரம்பும் யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது, உள்ளூர்த் தேவையே பாடத்தைத் தீர்மானிக்க வேண்டும், கட்டணம் எளியோர்க்கு எட்ட வேண்டும் என்பனவே அவ்வியக்கம் முன்வைத்த விழுமியங்கள். அவை உயர்ந்தவை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை.

பின்னர் அரசு நிறுவனங்கள் இக்கருத்தைக் கையிலெடுத்தன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளுக்கு ஏற்பளித்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் ஒரு திட்டத்தைத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு தனித் திட்டம் ஒன்றை அறிவித்தது. திட்டங்கள் வந்தன, போயின. ஒரு திட்டம் நிறுத்தப்படும்போது நிறுவனம் வேறு பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஓராண்டைச் செலவழித்துப் பெற்ற சான்றிதழின் மதிப்பை இழக்கும் மாணவருக்கு அந்த ஆண்டை யார் திருப்பித் தருவார்?

ஆசையைத் தணிக்கும் கல்வி

அமெரிக்கச் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஈராண்டுக் கல்லூரிகள் எவரையும் 'உனக்குத் தகுதி இல்லை' என்று விரட்டுவதில்லை. வாசலைத் திறந்து உள்ளே அழைத்து, ஆலோசனைகள் வழியாகவும் தேர்வுகள் வழியாகவும் பட்டக் கனவோடு வந்தவரைச் சிறிது சிறிதாகக் குறைந்த இலக்குக்குப் பழக்குகின்றன என்று அவர் காட்டினார். விலக்கப்பட்டவர் தன் விலக்கத்தைத் தானே தேர்ந்தெடுத்ததாக நம்பத் தொடங்குகிறார். சாதியச் சமூகத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று.

1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. 'குலக்கல்வி' என்று தமிழகம் அதை அடையாளம் கண்டு எதிர்த்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு தொழிலுக்கு எதிரானதன்று. பிறப்பு தொழிலைத் தீர்மானிப்பதற்கு எதிரானது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலைச் சுற்றியே அமைந்ததால், அதே நினைவு மீண்டும் எழுந்தது.

'பட்டம் பெற்றவர்களே வேலையின்றித் திரிகிறார்கள். கைத்தொழில் கற்றால் சோறாவது கிடைக்கும்' என்று நம் வீடுகளிலேயே சொல்லப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது. அதைப் புறந்தள்ள நாம் விரும்பவில்லை. ஆனால் அந்த அறிவுரை யாரை நோக்கி மட்டும் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நிலமும் கடையும் உடைய வீட்டுப் பிள்ளைக்குப் பொறியியல். கூலி வீட்டுப் பிள்ளைக்குத் தையலும் வயரிங்கும் என்று பிரிக்கப்பட்டால், அந்தப் பாகுபாட்டுக்குத் 'திறன்' என்று பெயர் சூட்டுவதால் அது மாறிவிடாது.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே

ஓடைப்பட்டியை எடுத்துக்கொள்வோம். விதையில்லா திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 'கம்பம் பன்னீர் திராட்சை' என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. உள்ளூர்த் தேவையே பாடத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்றால், இங்கே ஒரு சமுதாயக் கல்லூரி முதலில் கற்பிப்பது திராட்சைச் சாகுபடியாகவே இருக்கும்.

ஆனால் பந்தலுக்கு மேலே காய்ப்பது ஒருவருடையது. பந்தலுக்குக் கீழே அண்ணாந்து கவாத்து செய்யும் கை வேறொருவருடையது. நிலமற்றவருக்குக் கவாத்தும் மருந்தடிப்பும் மட்டும் கற்பித்துச் சான்றிதழ் கொடுத்தால், நாம் ஒரு விவசாயியை உருவாக்கவில்லை. சான்றிதழ் பெற்ற கூலியாளை உருவாக்குகிறோம். அதே பாடத்தோடு சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு படிக்கவும், 1891ஆம் ஆண்டு ட்ரமென்ஹீர் அறிக்கையின் தொடர்ச்சியாக ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைத் தேடிக் கண்டறியவும், கூட்டுறவுச் சங்கம் அமைக்கவும், பூச்சிமருந்துப் பாதுகாப்புச் சாதனங்களை உரிமையாகக் கேட்கவும் கற்பித்தால் அது விடுதலைக் கல்வியாகும். உள்ளூர்த் தேவை என்பதை யாருடைய தேவை என்று கேட்காதவரை, அது நில உடைமையாளரின் ஆள்தேவையாகவே முடியும்.

நேரமும் ஒரு விழுமியமே. இப்பள்ளத்தாக்கின் பெண்கள் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள். பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கும் கல்லூரி, அவர்களுக்குத் திறந்திருப்பதாகச் சொல்ல முடியாது. மாலை வகுப்பு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை, தமிழ்வழிப் பாடம் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் 'அனைவருக்கும்' என்ற சொல் வெறும் அலங்காரம்.

கட்டணமும் கண்ணியமும்

சட்டத்தின் பக்கம் வருவோம். அரசமைப்பின் 46ஆவது உறுப்பு, பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி நலனைச் சிறப்புக் கவனத்துடன் வளர்க்க அரசுக்குக் கட்டளையிடுகிறது. மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை அக்கட்டளையின் நேரடி வடிவம். ஆனால் 2021இல் வெளியான அதன் நெறிமுறைகள், படிப்புகளை நான்கு பிரிவுகளாக அடுக்குகின்றன. முதல் பிரிவான உயர் தொழிற்படிப்புகளில், வீட்டிலிருந்து வந்து படிப்பவருக்கு ஆண்டுக்கு 7,000 ரூபாய் படிப்புப்படி. பட்டம் அல்லாத படிப்புகள் அடங்கிய நான்காம் பிரிவில் 2,500 ரூபாய். அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 208 ரூபாய். மிக ஏழைகள் சேரும் படிப்புக்கு மிகக் குறைந்த படி என்பது எந்தச் சமூகநீதிக் கணக்கு? அதுவும் ஏற்பு பெற்ற நிறுவனத்தில், ஏற்பு பெற்ற படிப்பில் சேர்ந்தவருக்கே உண்டு. குடும்ப ஆண்டு வருமான உச்சவரம்பு 2.5 இலட்சம் ரூபாய்.

பணத்துக்கு அடுத்தது கண்ணியம். 2012ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு சமத்துவ ஒழுங்குமுறைகள், உயர்கல்வி நிறுவனங்களில் சமவாய்ப்பு மையத்தையும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரையும் வலியுறுத்தின. நாங்குநேரி வன்கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கல்விக்கூடங்களில் சாதி அடையாளங்கள் நுழையாதிருக்க 2024 ஜூனில் பரிந்துரைகள் அளித்தது. ஓராண்டுப் பட்டயம் வழங்கும் சிறு நிறுவனம் இவற்றிலிருந்து நழுவிவிடக் கூடாது. அங்கே படிப்போர்தாம் பாகுபாட்டை எதிர்த்து நிற்க மிகக் குறைந்த வலிமை உடையோர்.

சேருமுன் கேளுங்கள்

மாணவத் தோழர்களும் களச் செயற்பாட்டாளர்களும் எந்தச் சமுதாயக் கல்லூரியின் வாசலிலும் ஐந்து கேள்விகளை எழுத்துமூலம் கேட்க வேண்டும் என்கிறோம். இந்தப் படிப்புக்கு ஏற்பளித்த பல்கலைக்கழகம் அல்லது வாரியம் எது, அந்த ஏற்பு எந்த ஆண்டு வரை செல்லும்? இதில் பெறும் தகுதிமதிப்பைக் கொண்டு எந்தப் பட்டப்படிப்பில், எந்த ஆண்டில் சேர முடியும்? மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையும், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் இதற்குக் கிடைக்குமா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே, எந்த ஊதியத்தில் பணிபுரிகிறார்கள்? ஆசிரியர்களிலும் நிர்வாகக் குழுவிலும் பட்டியல் சாதியினர், குறிப்பாக அருந்ததியர், எத்தனை பேர்? பதில் தர மறுக்கும் நிறுவனம் அரசு நிதி பெறுவதாக இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். ஒடுக்கப்பட்டோருக்கு எழுத்தறிவோ கைத்தொழிலோ போதும் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. உயர்கல்வியையே இலக்காக வைத்தார். சட்டம் இயற்றும் இடத்திலும் நிர்வாகம் நடத்தும் இடத்திலும் நம்மவர் இல்லாதவரை, கீழே கற்ற எந்தத் திறனும் நம்மைக் காக்காது என்பது அவர் கண்ட உண்மை.

ஆகவே நாம் சமுதாயக் கல்லூரியை எதிர்க்கவில்லை. அதன் வாக்குறுதியை முழுமையாகக் கேட்கிறோம். அது முட்டுச் சந்தாக இல்லாமல் பட்டத்துக்கும் மேற்படிப்புக்கும் இட்டுச்செல்லும் பாதையாக இருக்க வேண்டும். அப்பாதையை மாநில அரசு ஆணையாகவே உறுதிசெய்ய வேண்டும். ஒன்றிய அரசு நான்காம் பிரிவின் படியை உயர்த்த வேண்டும். ஓடைப்பட்டியில் ஏலத் தோட்டத்துக்குப் போய்வரும் ஒரு தாயும், தேனி அரசு சட்டக் கல்லூரியில் சேர விரும்பும் அவர் மகளும் அடுத்தடுத்துக் கால்வைக்கக்கூடிய படிக்கட்டாக ஒரு கல்லூரி அமையும் நாளில், சமுதாயம் என்ற சொல்லுக்கு இப்பள்ளத்தாக்கில் வேறொரு பொருள் பிறக்கும்.