தலையெழுத்து எங்கே?

மண்டையோட்டிலுள்ள கோணல் கோடுகளைக் காட்டி, அதுதான் பிரமன் எழுதிய தலையெழுத்து என்கிறார்கள். அவை, குழந்தையின் மூளை வளர இடங்கொடுத்துப் பின்னர் இறுகும் எலும்புப் பொருத்துகளேயன்றி வேறல்ல. நாய்க்கும் பூனைக்கும் அவை உண்டே. அவற்றிற்கும் பிரமன் எழுதினானோ?

ஓட்டுக்குள்ளே இருப்பதைப் பார்ப்போம். நினைப்பது பெருமூளை, நடை தள்ளாடாமல் காப்பது சிறுமூளை, மூச்சை நடத்துவது முகுளம். 1861-ல், பேச்சிழந்திருந்து இறந்த ஒருவரின் மூளையைச் சோதித்த பாரிஸ் வைத்தியர் புரோக்கா, அதன் முன்பாகத்தில் இடப்பக்கம் கெட்டிருக்கக் கண்டார். பேச்சுப் போனதற்குக் காரணம் அங்கே கிடைத்தது, எழுத்தொன்றும் கிடைக்கவில்லை.

படிக்கப் படிக்க மூளையின் இணைப்புகளும் மாறுகின்றன. அப்படியிருக்க, பெண்ணின் படிப்பை நிறுத்திவிட்டு, “அவள் தலையெழுத்து” என்று சொல்லும் தகப்பனாரைக் கேட்கின்றோம்: அதை எழுதியது பிரமனா, நீரா?