வெறுங்கையோடு கடைக்குப் போகிறவர்கள்

எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நேற்று மாலை இரண்டு முழம் மல்லிகை வாங்கிய ஒருவர், பூக்காரம்மாள் அதை வாழையிலைக் கிழிசலில் சுருட்டி நாரால் கட்டி நீட்டியபோது, “ஒரு கவர்ல போட்டுக் குடும்மா” என்றார். “கவர் குடுத்தா அபராதம் போடறாங்க சாமி” என்று தயங்கிய அந்த அம்மாள், வாடிக்கை கைவிட்டுப் போய்விடுமே என்ற அச்சத்தால், கூடையின் அடியிலிருந்து மெல்லிய பை ஒன்றை உருவிக் கொடுத்தாள். அவர் சந்நிதிக்குள் நுழையுமுன்பே அந்தப் பை தரையில் கிடந்தது. அது உபயோகப்பட்ட தூரம் நூறடிகூட இராது. அது மண்ணில் கிடக்கப்போகும் காலமோ அவருடைய பேரன் பேத்திகளின் ஆயுளையும் கடந்தது.

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை 2019 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலையில் மத்திய அரசின் தடையும் சேர்ந்துகொண்டது. சட்டத்தில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. பையை விற்றவனைப் பிடிப்பதோடு நில்லாமல், அதை உற்பத்தி செய்யும் ஆலையையும், எண்ணெய் முதல் ஷாம்பு வரை சகலத்தையும் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்கும் பெரு நிறுவனங்களையும் பொறுப்பாக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் அந்தக் கடமை நிறைவேறும் வரை நம் கடமை காத்திருக்கலாம் என்பது நியாயமாகாது.

மிஞ்சிய சாம்பார்சாதத்தை முடிச்சுப் போட்டு நாம் எறியும் பையை, முடிச்சை அவிழ்க்கக் கையில்லாத பசு அப்படியே விழுங்குகிறது; ஜீரணமாகாத அந்தச் சுருள் அதன் இரைப்பையில் தங்கி, தீனிக்கு இடமில்லாமல் செய்து, அந்த வாயில்லா ஜீவனை நாளடைவில் மாய்க்கிறது. கோமாதா என்று கும்பிடும் நாம்தான் அந்த முடிச்சைப் போட்டவர்கள்.

நம் தாத்தாமார் எண்ணெய்க்குத் தூக்கும், காய்கறிக்குக் கூடையும், ஊர்ப் பயணத்துக்குக் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையும் எடுத்துச் சென்றவர்கள். பின்னால் வந்த நாமோ, மஞ்சள் பை பிடித்தவனைப் பட்டிக்காட்டான் என்று பரிகசித்து, கையை வீசிக்கொண்டு கடைக்குப் போவதையே நாகரிகம் என்று வரித்துக்கொண்டோம். பிளாஸ்டிக்கை நம் வீட்டுக்குள் அழைத்து வந்தது அதன் மலிவு மட்டுமன்று. பையைச் சுமப்பது கௌரவக் குறைவு என்ற நம்முடைய வீண் வெட்கமும்தான்.

அந்த வெட்கத்தைச் சட்டத்தால் போக்க இயலாது. அதை விட்டொழிக்க வேண்டியவர்கள் நாமே. பூக்காரம்மாளின் அச்சத்தைத் தீர்க்க வல்லவர் அபராதச் சீட்டோடு வரும் அதிகாரி அல்லர். இலைப் பொட்டலத்தை அப்படியே கைநீட்டி வாங்கிக்கொண்டு, மறுநாளும் அவளிடமே பூ வாங்க வருகிற வாடிக்கைக்காரர்தான்.