பானைக்குள் இருந்த குழாய்

நடைப்பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி மறுபடியும் வந்துவிட்டது: "கீழடித் தமிழனுக்கு 2,600 ஆண்டுகளுக்கு முன்பே நானோ தொழில்நுட்பம் தெரியும்!" நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். நான் மறுத்து எழுதினேன். "ஏனுங்க, நம்ம பெருமைய நீங்களே கொறைக்கலாமுங்களா?" என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அவருக்கான பதில் இது.

கண்டுபிடிப்பு உண்மைதான். கீழடிப் பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020-இல் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினார்கள். ஆனால் சூளையில் தானாக விளைந்ததும், தெரிந்து செய்ததும் ஒன்றா? குயவர் நல்ல பானை செய்தார். அந்தப் பெருமை போதாதா? கண்ணுக்குத் தெரியாத குழாயையும் அவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

முப்பது வருடம் மில்லில் சாயப் பிரிவில் இருந்தவன் நான். பஞ்சு நூலை அப்படியே சாயத்தொட்டியில் போட்டால் பிடிக்காது. மேலே மெழுகு இருக்கும். காரத்தில் வேகவைத்து அதை எடுத்த பிறகே நிறம் ஏறும். நானோகுழாயும் அப்படித்தான். தண்ணீரில் கலக்காது, கட்டிகட்டியாகத் திரளும். நைட்ரிக், கந்தக அமிலங்களில் போட்டால் முனைகளிலும் பழுதுபட்ட இடங்களிலும் கார்பாக்சில் தொகுதிகள் உருவாகும். அவற்றைப் புரதத்தின் அமீன் தொகுதியோடு பிணைப்பார்கள். அமிலம் மிஞ்சினால் குழாய் வெட்டுப்படும். மின்கடத்தும் திறன் குறையும். கண்டபடி ஒட்டினால் புரதம் உருக்குலைந்து வேலை செய்யாது. அதனால் 2001-இல் ஸ்டான்போர்டில் குழாயைச் சிதைக்காமல், பைரீன் என்ற தட்டையான மூலக்கூறை அதன்மேல் படியவைத்து, அதன் மறுமுனையில் புரதத்தைக் கட்டினார்கள்.

எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் என்று நாமே தீர்மானிப்பதற்குப் பெயர்தான் தொழில்நுட்பம். நம்மில் பலர் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிறோமே, அந்தப் பட்டையிலும் வேலை செய்வது பதித்துவைத்த ஒரு நொதிதான், அதுவும் புரதமே.

நம் ஊர் வேளாண் பல்கலைக்கழகத்திலேயே நானோ அறிவியலுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. கைகூப்பிய நாற்பது பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டுப் பிள்ளை ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால், "அதைப் படிச்சு என்ன பண்றது?" என்று கேட்பவர்களும் நாம்தான். என் மகள் கேட்டபோது, "கல்யாணம் தள்ளிப்போகும்" என்று தடுத்தவன் நானே. அவள் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை, எனக்குத்தான் மறக்கவில்லை.

செத்துப்போன குயவருக்கு விஞ்ஞானிப் பட்டம் கொடுக்க நமக்குச் செலவில்லை. உயிரோடு இருக்கும் பிள்ளையை ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் மனசு வருவதில்லை.