வீடே பட்டறை, பெற்றோரே முதலீட்டாளர்

கரமனையிலிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். 1990-இல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் தொடங்கப்பட்ட அந்தத் தொழில்நுட்பப் பூங்காவின் வாசலை மிதிக்காமலேயே இன்று ஒரு மாணவி தமது முதல் உள்ளகப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றுவிடலாம். பெருந்தொற்றுக் காலத்தில் பரவிய ‘வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப்’ மூலதனத்துக்கு இனித்துவிட்டது. இனிக்காதா பின்னே? அறை, மின்கட்டணம், மடிக்கணினி, இணையம் அனைத்தும் பெற்றோர் தலையில். விளையும் வேலை மட்டும் நிறுவனத்துக்கு.

பயணச் செலவு மிச்சம், சிற்றூர் மாணவிக்கும் வாய்ப்பு என்கிறார்கள். அது உண்மையே. ஆனால் தொழில் என்பது அருகிலிருப்பவர் கையைப் பார்த்துக் கற்பது. யாருக்கு என்ன சம்பளம், எத்தனை மணிநேர வேலை என்பது தேநீர்க் கடையில் காதில் விழுவதும் அந்தக் கல்வியில் அடக்கம். தனியறையில் அமர்ந்தவருக்குச் சங்கம் என்ற சொல்லே எட்டாது.

வீட்டில் பீடி சுற்றுபவரைக்கூட 1966ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளியாக ஏற்றது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமோ, பழகுநர் தொழிலாளி அல்லர் என்கிறது. அச்சட்டப்படி ஒப்பந்தமே செய்யப்படாத இணையவழிப் பயிற்சியாளருக்கு அதிலுள்ள உதவித்தொகைப் பாதுகாப்பும் இல்லை. ஒன்றிய அரசு 2024-இல் அறிவித்த பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம் மாதம் 5,000 ரூபாய் என்றது. அதில் 4,500 மக்கள் வரிப்பணம், பெருநிறுவனம் ஈவது 500!

எழுத்துவடிவ ஒப்பந்தம், குறைந்தபட்ச ஊதியம், மின்சார, இணையச் செலவு ஆகியவற்றை மாணவர், வாலிபர் அமைப்புகள் கோரிக்கையாக முன்வைக்க வேண்டும். தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்கள் உறுப்பினர் படிவத்தைப் பயிற்சியாளர்களிடமும் நீட்ட வேண்டும்.