ஆஸ்பிரின் போதுமா?

ஹிருதயத்தின் மேலறைகள் தாளந்தப்பித் துடிக்கும் வியாதியை ‘ஏட்ரியல் பிப்ரிலேஷன்’ என்று டாக்டர்கள் அழைக்கிறார்கள். அவ்வறையில் தேங்கும் ரத்தம் கட்டியாகி, மூளைக்குச் சென்று குழாயை அடைத்தால் பக்ஷவாதம் உண்டாகிறது. இவ்வபாயம் மற்றவர்களைவிட இந்நோயாளிகளுக்குச் சுமார் 5 மடங்கு அதிகம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் இதற்கு நெடுநாளைய மருந்து. ஆனால் அதைச் சாப்பிடுவோர் அடிக்கடி ரத்தப் பரீக்ஷை செய்துகொள்ள வேண்டும். கீரை உண்பதிலுங்கூட அளவு மாறலாகாது. பரீக்ஷைக்கு வசதியில்லாதவர், வயோதிகர், ஒரு முறை தடுக்கி விழுந்தவர் ஆகிய எல்லோரையும் “மருந்து ஒவ்வாதவர்” என்று ஒதுக்கி, ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்தனுப்பும் வழக்கம் வெகுகாலமாக வேரூன்றிவிட்டது.

இவ்வழக்கம் நியாயமானதன்று என்பது நமது அபிப்பிராயம். இவ்வாறு ஒதுக்கப்பட்ட 5,599 பேரைச் சேர்த்து, கனடாவின் மக்மாஸ்டர் சர்வகலாசாலையார் முன்னின்று நடத்திய பரிசோதனையின் முடிவு 2011-ல் வெளியாயிற்று. ஆஸ்பிரின் உண்டவர்களில் வருஷத்திற்கு 100-க்கு 3.7 பேரும், அபிக்ஸபான் என்னும் மருந்தை உண்டவர்களில் 1.6 பேரும் பக்ஷவாதத்திற்கோ அதையொத்த அடைப்பிற்கோ ஆளானார்கள். ரத்தப்போக்கிற்கு அஞ்சியல்லவா ஆஸ்பிரினைக் கொடுத்தார்கள்? கடுமையான ரத்தப்போக்கு ஆஸ்பிரினில் 1.2, அபிக்ஸபானில் 1.4, பொருட்படுத்தத்தக்க வித்தியாசமில்லை. கீல்வாதக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு மிகவும் சுருங்கியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்கு வார்பரினே உரியது.

மூளையில் ரத்தங்கசிந்தோர், குடலில் ஓயாமல் ரத்தம் போவோர் முதலியவர்களில் உண்மையாகவே மருந்து ஏலாதாரும் உளர். வால்வுக் கோளாறில்லாதாரிடம் இடது மேலறையில் உண்டாகும் கட்டிகளில் 10-க்கு 9, அவ்வறையை ஒட்டிய காது போன்ற சிறு பையிலேயே தோன்றுகின்றன. தொடைச் சிரையின் வழியே குழாய் செலுத்தி அப்பையின் வாயை அடைக்கும் சாதனமொன்றை அமெரிக்க சர்க்கார் 2015-ல் அனுமதித்தனர். ஆனால் அனுமதிக்கு ஆதாரமான பரிசோதனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் வார்பரின் உண்ணக்கூடியவர்களே என்பது விந்தை! சாதனம் பொருத்தும்போது ஹிருதயத்தைச் சுற்றி ரத்தங்கசிவதுமுண்டு. பொருத்திய பின்னும் சில காலம் மருந்து வேண்டும்.

ஆகவே, “ஒவ்வாதவர்” என்று தீர்மானிக்கும் டாக்டர் அதற்குரிய காரணத்தை மருந்துச் சீட்டிலேயே எழுதித்தர வேண்டுமென்று கோருகிறோம். “கீழே விழுவார்” என்பதே காரணமாயின், நோயாளியின் வீட்டார் அச்சீட்டுடன் வேறொரு டாக்டரிடம் செல்லட்டும்.