சீசனுக்கு முன்னாடி ஒரு சீசன்!

செமஸ்டர் முடிஞ்சு ஊருக்கு மூட்டை கட்டியாச்சா?

சுந்தரபாண்டியபுரம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 'ரோஜா' (1992) கிராமம், 'அந்நியன்' (2005) பாட்டுக்குப் பெயின்ட் அடிச்ச பாறைகள், ஜூலை, ஆகஸ்ட்டில் சிரிக்கிற சூரியகாந்தி... கேமரா கூட்டம் வர்றதும் அப்போதான். ஆனா, குற்றால அருவி நூலா ஒழுகுற மே மாசத்துல அந்தப் பக்கத்து வீடுகளில் இன்னொரு சீசன் களை கட்டும். வத்தல் சீசன்!

ஜூன்ல சாரல் அடிக்க ஆரம்பிச்சா எதுவுமே காயாது. அதனால வருஷத்துக்கான கூழ் வத்தலை இப்பவே போட்டாகணும். விடியறதுக்குள்ளே கூழ் கிண்டி, மொட்டை மாடியில பழைய வேட்டி விரிச்சு ஊத்தணும். காக்கா விரட்டுற டூட்டி பேரன் பேத்திகளுக்கு! கூலி? சூடா ஒரு கரண்டி கூழ். மதியம் துவரம்பருப்பு, மாங்காய், முருங்கைக்கீரை எல்லாம் போட்டுக் கூட்டாஞ்சோறு.

ஆச்சிகிட்ட அளவு கேட்டா, "எல்லாம் கண்ணளவுதாம்ல"ன்னு சொல்வாங்க. விடாதீங்க பாஸ், பக்கத்துலேயே நில்லுங்க. கூழ்ல உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கணும். சரியா இருந்தா காய்ஞ்சதும் கரிக்கும். இந்த மாதிரி சூட்சுமம் எல்லாம் எந்த நோட்டுலேயும் இல்லை, அவங்க கையில இருக்கு.

வேலை கிடைச்சுட்டா மே மாசம் முழுக்க லீவு கிடைக்காது. அருவியும் சூரியகாந்தியும் வருஷாவருஷம் வரும். ஆச்சிக்கு வயசாகுதே மக்கா!