தூரத்தை அளப்பது எந்தக் கோல்?

அசாமின் திப்ருகரிலிருந்து நமது கன்னியாகுமரிக்கு எவ்வளவு தூரம்? ஆகாய வழியில் நேர்கோடு போட்டால் சுமார் 2,800 கிலோமீட்டர். ஜெட் விமானம் நேராகப் பறந்தால் நான்கு மணி நேரம் போதும். குமரியில் விமான நிலையம் இல்லை, திருவனந்தபுரத்தில்தான் இறங்கவேண்டும். நடுவழியில் கல்கத்தாவிலோ டில்லியிலோ விமானம் மாறினாலும் ஏறக்குறைய ஒரே நாளில் வந்துவிடலாம்.

இதே இரண்டு ஊர்களையும் 2011 நவம்பர் முதல் விவேக் எக்ஸ்பிரஸ் இணைக்கிறது. இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில் இது. கௌஹாத்தி, புவனேசுவரம், விஜயவாடா, சேலம், கோவை, எர்ணாகுளம் என்று சுற்றி வருவதால் 4,100 கிலோமீட்டருக்கு மேல். ஏறத்தாழ 75 மணி நேரம், மூன்று இரவுகள்!

ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேதான் இருக்கின்றன. பின் நான்கு மணி எப்படி எழுபத்தைந்து மணி ஆயிற்று? பயணியின் சட்டைப் பைதான் அதை ஆக்கிற்று. தூரத்தைத் தேசப்படம் அளக்கவில்லை, பணம் அளக்கிறது.

திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும், கோவை வார்ப்படச் சாலையிலும் உழைக்கிற அசாம் தொழிலாளி பதினைந்து நாள் விடுப்பில் ஊர் போகிறார். போக வர ஆறு நாட்கள் ரயிலிலேயே கழிகின்றன. அத்தனை நாளும் கூலி இல்லை. தாய் இறந்த செய்தி கைப்பேசியில் நொடியில் வருகிறது. மகன் போய்ச் சேருமுன் சிதை அணைந்துவிடுகிறது.

விமானம் வேண்டாம் என்பவரல்ல நாம். விஞ்ஞானம் தந்த வேகம் எல்லோருக்கும் சொந்தம் என்பவர்கள். 2017-ல் மத்திய சர்க்கார் 'உடான்' திட்டம் தொடங்கியபோது, சாதாரணச் செருப்பு அணிந்தவரும் பறப்பார் என்றார்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று வரம்பு கட்டினார்கள். அதுவும் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு மட்டும். அந்தக் கணக்கையே நீட்டிப் பாருங்கள்: நான்கு மணிக்குப் பத்தாயிரம்! கூலிக்காரன் வீட்டில் அது எத்தனை நாள் அடுப்பு!

ஆகவே அவருக்கு ரயிலே கதி. அங்கோ பதிவில்லாப் பெட்டிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கழிப்பறை வாசலிலும் மனிதர்கள் குந்தியிருக்கிறார்கள். 2019-ல் வந்தே பாரத் வண்டி வந்தபோது அதில் குளிர்சாதன இருக்கைகள் மட்டுமே இருந்தன. 2023 டிசம்பரில் சாதாரண வகுப்புகளோடு அம்ருத் பாரத் வண்டிகள் வந்தன. வரவேற்கிறோம், ஆனால் யானைப் பசிக்குச் சோளப்பொரி!

தோழர்களே, நெரிசலைக் கண்டு "வடநாட்டான் வந்து நிறைத்துவிட்டான்" என்று முணுமுணுப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவரும் சீட்டு வாங்கியவர்தான். அவரும் நம்மைப்போல் உழைத்துப் பிழைப்பவர்தான். குறை அவரிடமில்லை, பெட்டியைக் கூட்டாதவரிடம் இருக்கிறது. ஆத்திரத்தை அங்கே திருப்புங்கள்.

நெடுந்தூர வண்டி ஒவ்வொன்றிலும் பதிவில்லாப் பெட்டிகளைப் பெருக்க வேண்டும். அவற்றில் தண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும். சாவுச் செய்தி கேட்டு ஓடும் தொழிலாளிக்கு உடனே இடம் தர வழி வேண்டும். சலுகை கேட்கவில்லை நாம். நாட்டைக் கட்டுகிறவன் நாட்டுக்குள் மனிதனாகப் பயணம் செய்யும் உரிமையைக் கேட்கிறோம்.